அப்பாவிடம் பணக் கணக்கு கேட்கலாமா?

இரவு 2 மணி. திண்டுக்கல்லில் ஒரு சிறிய ஓட்டு வீடு.

தண்ணீர் குடிக்க எழுந்த பெரியவர் தடுமாறி விழுந்தார். வலது கை தொங்கிப் போயிற்று. வாய் கோணிக் கொண்டது. பேச நினைத்தார், பேச்சு வரவில்லை.

மகன் ஓடி வந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவரை மதுரைக்குக் கொண்டு போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"பக்கவாதம். உடனே முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள்.

பெரியவருக்கு வயது 74. வெல்ல மண்டியில் 40 ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஒரு ரூபாய் பிசகினாலும் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, விடியும் வரை கணக்கைத் தேடுவார். அப்படிப்பட்டவர். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை.

ஆனால் எந்த பாங்கியில் இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? மனைவிக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

ஊர்க் கணக்கையெல்லாம் எழுதியவர், வீட்டுக் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை!

அவர் இடுப்பு அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி இருந்தது. 40 ஆண்டுகளாக அது அங்கேதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் வேட்டியை மாற்றியபோது, நர்சு அதை அவிழ்த்து அம்மாவின் கையில் கொடுத்தார். அந்தச் சாவியை அன்றைக்குத்தான் அம்மா முதன்முதலாகக் கையில் வாங்கினார்.

முன்பணத்துக்கு என்ன செய்தார்கள்? மகள் தன் வளையல்கள் நான்கையும் கழற்றி அடகு வைத்தாள்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

மறுநாள் மகன் ஊருக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்தான்.

மூன்று பாங்கி பாஸ் புத்தகங்கள் இருந்தன. மூன்றும் அப்பாவின் பெயரில் மட்டுமே இருந்தன. அதில் ஒரு கணக்கு, 12 ஆண்டுகளாகக் கைபடாமல் கிடந்தது.

இரண்டு புரோ நோட்டுகள் இருந்தன. தெரிந்தவர்களுக்கு அவர் கொடுத்த கடன். ஒரு நோட்டுக்கு 5 வயது ஆகிவிட்டது. கடன் வாங்கியவரைப் பார்த்துக் கேட்டான் மகன்.

"உன் அப்பாவிடம் எப்போதோ கொடுத்துவிட்டேனே, தம்பி!" என்றார் அவர்.

உண்மையா, பொய்யா? சொல்ல வேண்டியவர் வாய் பேச முடியாமல் படுத்திருக்கிறார். நோட்டுக்கு 3 ஆண்டு கெடு. இடையில் எழுத்தில் பதிவான வட்டி வரவோ, எழுதிக் கொடுத்த ஒப்புதலோ இல்லாவிட்டால், கெடு தாண்டிய நோட்டை வைத்துக் கோர்ட்டில் கடனை வசூலிக்க முடியாது.

பெட்டியின் அடியில் ஓர் அடகுச் சீட்டு இருந்தது. அம்மாவின் 5 பவுன் சங்கிலி!

"சங்கிலி பத்திரமாக இருக்கிறது" என்றுதான் அவர் மனைவியிடம் சொல்லி வந்தார். பேத்தியின் காலேஜ் பீஸுக்காக அதை அடகு வைத்திருக்கிறார். அடுத்த அறுவடைக்கு மண்டியில் கணக்கு எழுதப் போய், மெல்ல மீட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். வட்டி ஏறிவிட்டது. ஏல நோட்டீசு வந்திருக்கிறது. அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் அது பிரிக்காமலே கிடந்தது. ஏலத் தேதி போய் 2 வாரம் ஆகியிருந்தது.

அம்மா சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அழவில்லை.

"நகை போனால் போகட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றார்.

இந்தக் குடும்பத்தில் யாரும் கெட்டவர் இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒருவருக்கொருவர் பேசவில்லை. அவ்வளவுதான்!

பாங்கியில் பணம், கையில் இல்லை

மகன் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாங்கிக்குப் போனான். "கணக்குக்காரர் கையெழுத்து வேண்டும்" என்றார்கள். கையெழுத்துப் போடும் கைதான் விழுந்துவிட்டதே!

அதற்கும் வழி உண்டு. யாரும் அவனிடம் சொல்லவில்லை. நோயாளிக்கு நினைவு இருந்து, கையெழுத்துப் போட முடியாவிட்டால், பெருவிரல் ரேகை வைக்கலாம். கை ரேகை முடியாவிட்டால் கால் விரல் ரேகையும் செல்லும். பாங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவர் பாங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

ஆனால் நோயாளி நினைவு இழந்து கிடந்தால், இந்த வழியும் அடைபட்டுவிடும். பிறகு குடும்பத்தார் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான்.

அந்தக் கணக்கில் ஒன்றாவது அப்பா, அம்மா இருவர் பெயரிலும் இருந்திருந்தால்? "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர் எடுக்கலாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால்? அம்மா ஒரு கையெழுத்தில் பணம் எடுத்திருப்பார். மகளின் வளையல் கையிலேயே இருந்திருக்கும்.

ஏன் பேசுவதில்லை?

நம் வீடுகளில் எல்லாவற்றையும் பேசுகிறோம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு செலவு என்று பேசுகிறோம். அப்பாவின் பணத்தை மட்டும் பேசுவதில்லை.

மகனுக்கு ஒரு பயம். "சொத்துக்கு ஆசைப்படுகிறான் என்று அப்பா நினைத்துவிட்டால்?"

மகளுக்கு ஒரு பயம். "பங்கு கேட்க வந்துவிட்டாள் என்று அண்ணி சொல்லிவிட்டால்?"

அம்மாவுக்கு ஒரு பயம். "நல்ல நாளும் அதுவுமாக, அபசகுனமாக எதற்குப் பேச வேண்டும்?"

அப்பாவுக்கும் பயம் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். "கையில் இருப்பதைக் காட்டிவிட்டால், கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வாங்கிய பிறகு நம்மைத் திரும்பிப் பார்ப்பார்களா?"

அந்தப் பயம் வீண் பயம் அல்ல. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, பெற்றவர்களைத் திண்ணைக்குத் தள்ளிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் 2007-ம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. "என்னைக் காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிள்ளை காப்பாற்றாவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதற்கான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

ஆனாலும் பெரியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கணக்கைச் சொல்வது வேறு. சொத்தைக் கொடுப்பது வேறு. உங்கள் பணம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பணம் உங்களிடமே இருக்கட்டும்! அவசரப்பட்டு வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பதிவு செய்து கொடுத்த செட்டில்மெண்டை, மனம் மாறியபின் திரும்ப வாங்குவது எளிதல்ல. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது.

எப்படித் தொடங்குவது?

திருச்சியில் ஒரு குடும்பம். அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகன் கேட்டான்: "வீட்டை யார் பெயருக்கு எழுதப் போகிறீர்கள், அப்பா?"

அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்று இரவு அவர் யாரிடமும் பேசவில்லை.

மகன் தன் தவறை உணர்ந்தான். ஒரு மாதம் கழித்து வேறு மாதிரி வந்தான். கையில் தன் இன்ஷூரன்ஸ் பத்திரம், பாங்கி பாஸ் புத்தகம், வீட்டுக் கடன் காகிதம்.

"அப்பா, நான் தினமும் மோட்டார் சைக்கிளில் 40 கிலோமீட்டர் போய் வருகிறேன். எனக்கு ஒன்று என்றால், இவளுக்கு எதுவும் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடனை எப்படிக் கட்டுவது என்று ஒரு யோசனையும் சொல்லுங்கள்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் காப்பி குடித்துவிட்டு, உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார்.

"உன்னுடையதை நான் பார்த்தேன். என்னுடையதை நீ பார்" என்றார்.

இதுதான் வழி! கேட்பதற்கு முன் கொடுங்கள். அப்பாவின் கணக்கைக் கேட்குமுன், உங்கள் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னும் சில விஷயங்கள்:

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். இன்று பாங்கிக் கணக்கு. அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ். மெதுவாகப் போங்கள்.

தீபாவளி, பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். சபையில் கேட்டால் பெரியவர்களுக்கு வெட்கமாக இருக்கும்.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்குத் தெரியாமல் பேசாதீர்கள். ஒளித்துப் பேசியது ஒரு நாள் வெளியே வரும். அன்று வீடு இரண்டாகும்.

"எவ்வளவு இருக்கிறது?" என்று தொடங்காதீர்கள். "எங்கே இருக்கிறது?" என்று தொடங்குங்கள். தொகையைச் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம்.

கடன் இருப்பது தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள். முகம் சுளித்தால் அடுத்த கடனை மறைத்துவிடுவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அப்பா சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.

1. பாங்கி, தபால் ஆபீஸ் கணக்குகள், டெபாசிட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நாமினி யார்?

2. பென்ஷன் எந்தக் கணக்கில் வருகிறது? அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் உண்டா? பென்ஷன் புத்தகத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதார் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா? ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான்.

3. இன்ஷூரன்ஸ் பாலிசிகள். மருத்துவ இன்ஷூரன்ஸ் அட்டை எங்கே இருக்கிறது?

4. வீடு, நிலப் பத்திரங்கள், பட்டா. பட்டா யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரிலேயே இன்னும் இருந்தால், இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

5. அடகு வைத்த நகைகள், கட்டி வரும் சீட்டுகள்.

6. வாங்கிய கடன், கொடுத்த கடன், யாருக்காவது போட்ட ஜாமீன் கையெழுத்து.

7. பாங்கி லாக்கர். சாவி எங்கே?

நோட்டில் ஒன்றை மட்டும் எழுதக் கூடாது. ஏ.டி.எம். ரகசிய எண்ணை எழுதாதீர்கள். நோட்டு தொலைந்தால் பணமும் தொலையும்.

நாமினி என்றால் யார்?

நாமினி என்று பெயர் எழுதிவிட்டால், பணம் முழுவதும் அவருக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

பாங்கிப் பணத்தில், நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை. அவ்வளவுதான். வாங்கிய பணம் வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. உயில் இருந்தால் உயிலில் கண்டவர்களுக்கு உரியது. மூத்த மகன் பெயரை நாமினியாக எழுதியிருந்தால், தங்கைக்குப் பங்கு இல்லை என்று அர்த்தம் அல்ல.

ஆனாலும் நாமினி அவசியம். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழையும் அடையாளச் சான்றையும் காட்டி, அதிகச் சிரமம் இல்லாமல் பணம் பெறலாம். இல்லாவிட்டால் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ், அது, இது என்று நடக்க வேண்டும்.

முன்பு ஒரு பாங்கி டெபாசிட்டுக்கு ஒருவரைத்தான் நாமினியாக எழுதலாம். 2025 நவம்பர் 1-ந் தேதி முதல் 4 பேர் வரை எழுதலாம். யாருக்கு எவ்வளவு பங்கு என்றும் குறிக்கலாம்.

பழைய கணக்குகளில் ஒரு சங்கடம் உண்டு. கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில், இறந்துபோன பாட்டியின் பெயரே இன்னும் நாமினியாக இருக்கும்! பாங்கிக்குப் போய் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம்.

உயில் எழுதலாமா?

உயில் என்றால் சாவு என்று நினைக்கிறோம். உயில் என்பது பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்கப் பெற்றவர்கள் எழுதும் கடிதம்.

வெள்ளைத் தாளில் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டாம். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறுகிறவர்களைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயம் அல்ல. செய்தால் பின்னால் வழக்குக் குறையும். உயிருடன் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசி உயில்தான் செல்லும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு விதி. வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஓர் இந்து ஆண், தான் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் அவருடைய தாய் ஆகிய எல்லாருக்கும் சம பங்கு. "கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்கு இல்லை" என்ற பேச்சு செல்லாது.

அம்மாவை மறக்காதீர்கள்

கணக்குப் பேசும்போது அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அம்மா அடுப்படியில் நிற்கிறார். இது கூடாது!

அப்பாவுக்குப் பிறகு பென்ஷன் வாங்கப் போவது யார்? அம்மாதான். பாங்கிக்குப் போகப் போவது யார்? அம்மாதான். மாதம் ஒரு முறை அவரையும் பாங்கிக்கு அழைத்துப் போங்கள். பணம் எடுக்கும் சீட்டை அவரே எழுதட்டும். கையெழுத்து நடுங்கினால் நடுங்கட்டும். இரண்டு முறை போனால் பயம் போய்விடும்.

அம்மாவின் நகை அம்மாவுக்குச் சொந்தம். அதை அடகு வைப்பதானாலும், மீட்பதானாலும் அவருக்குத் தெரிந்து செய்யுங்கள்.

போனில் வரும் திருடன்

முன்பெல்லாம் திருடன் ஓட்டைப் பிரித்து இறங்குவான். இப்போது போனில் வருகிறான்.

"போலீசிலிருந்து பேசுகிறோம். உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்துவிட்டோம். யாரிடமும் சொல்லாதீர்கள். பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்கிறான். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நடுங்கிப் போகிறார்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

போனில் கைது செய்ய நம் நாட்டில் சட்டமே இல்லை! இதைப் பெற்றவர்களிடம் இன்றே சொல்லுங்கள். பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஏமாந்து வந்தவர்களைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பல பெரியவர்கள் இழந்ததை வெளியே சொல்வதில்லை. முதியோருக்கு வேறு உதவி வேண்டுமானால் 14567 என்ற எண் இருக்கிறது.

மறந்துபோன பணம்

பாங்கியில் 10 ஆண்டுகள் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம். பணம் மறைந்துவிடாது. கணக்குக்காரரோ வாரிசோ அந்த பாங்கிக்கே போய் உரிய காகிதங்களைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

எந்த பாங்கி என்பது மறந்துவிட்டதா? அதற்கென்று ரிசர்வ் வங்கி 2023-ல் "உத்கம்" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பெயரைக் கொடுத்துத் தேடலாம். பேரன், பேத்தியிடம் செல்போனைக் கொடுத்தால் தேடித் தந்துவிடுவார்கள்.

திண்டுக்கல் பெரியவரின் 12 ஆண்டுக் கணக்கும் இப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

சாவி இப்போது எங்கே?

பெரியவர் பிழைத்துக்கொண்டார். 4 மாதம் கழித்துப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

இடது கையால் எழுதப் பழகினார். மகன் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தான். பெரிய பெரிய எழுத்தாக, கோணல் மாணலாக எழுதினார். முதல் வரியில் பாங்கிக் கணக்கை எழுதவில்லை. "என் மனைவிக்கு நான் தர வேண்டியது: 5 பவுன் சங்கிலி" என்று எழுதினார்.

எழுதிவிட்டு மனைவியிடம் நீட்டினார். அம்மா படித்துப் பார்த்தார்.

"கணக்குப்பிள்ளைக்கு இப்போதுதான் கணக்கு எழுதத் தெரிந்திருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அந்த இரும்புப் பெட்டிச் சாவி இப்போது அரைஞாண் கயிற்றில் இல்லை. அடுப்படிச் சுவரில், காலண்டர் ஆணியில் தொங்குகிறது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில்தான் இருப்பார். உங்கள் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.